காலேஜில் சேர்ந்தால் போதுமா? ரூல் தெரிய வேண்டாமா?

ஜூன் மாதம் வந்தால் சென்னை நகரில் ஒரே பேச்சுதான். "பையனுக்கு சீட் கிடைச்சுதா?" "பொண்ணு என்ன குரூப் எடுத்திருக்கு?" பஸ்சிலும், டீக்கடையிலும், ஆபீசிலும் இதே கேள்வி.

சீட் கிடைத்து விட்டால் பெற்றோருக்கு நிம்மதி. கடனோ உடனோ வாங்கிப் பணத்தைக் கட்டி விடுகிறார்கள். புதுப் பை, புதுச் செருப்பு, பஸ் பாஸ். அத்தோடு தங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

முடியவில்லை. அப்போதுதான் ஆரம்பம்!

எத்தனை பாடம், எத்தனை நாள் வர வேண்டும், எத்தனை மார்க் எடுத்தால் பாஸ் என்று எல்லாவற்றுக்கும் பல்கலைக்கழகம் விதி வகுத்து வைத்திருக்கிறது. சேரும்போது அதைப் படித்துப் பார்த்த மாணவர் வகுப்புக்கு எத்தனை பேர் தேறுவார்கள்? விரல் விட்டு எண்ணி விடலாம்.

ஹால் டிக்கெட் கிடைக்காத அன்றுதான் அந்த விதி பலர் கண்ணில் படுகிறது. அப்போது அழுது பயன் என்ன?

22 நாள் கணக்கு

முதல் கண்டம் அட்டெண்டன்ஸ். பரீட்சை எழுத 75 சதவீதம் வருகை வேண்டும். இது எல்லோரும் கேள்விப்பட்ட விஷயம்தான். ஆனால் இதை நாள் கணக்காக யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு செமஸ்டரில் 90 நாள் வகுப்பு என்று வைத்துக் கொள்வோம். 68 நாள் வந்தாக வேண்டும். அதாவது, அதிகபட்சம் 22 நாள் வராமல் இருக்கலாம். காய்ச்சல், அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாமே இந்த 22-க்குள்தான்!

சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் உள்ள முறைப்படி, 65-லிருந்து 74 சதவீதம் வரை இருந்தால் தனியாகப் பணம் கட்டி மன்னிப்புப் பெற்றுப் பரீட்சை எழுதலாம். 50-லிருந்து 64 வரை என்றால் அந்தத் தடவை பரீட்சை கிடையாது. அடுத்த செமஸ்டரில்தான் எழுத வேண்டும். 50-க்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டும்.

"பணம் கட்டினா விட்டுடுவாங்க" என்று சீனியர் மாணவர்கள் சொல்வதை நம்பிப் பலர் இருந்து விடுகிறார்கள். பணம் கட்டித் தப்பிப்பதற்கும் எல்லைக்கோடு உண்டு என்பதை அந்த சீனியர் சொல்வதில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ!

வகுப்புக்கு வராதவர் எல்லோரும் சினிமாவுக்குப் போகிறவர் அல்ல. கல்யாண மண்டபத்தில் கேட்டரிங் வேலை பார்ப்பவர் உண்டு. அப்பாவின் மளிகைக் கடையில் உட்காருபவர் உண்டு. குடும்பத்துக்கு உதவுகிற பிள்ளைதான் இந்தக் கணக்கில் முதலில் மாட்டிக் கொள்கிறது. கொடுமை அதுதான்.

54 எடுத்தும் பெயில்!

அடுத்தது மார்க். 100 மார்க்கில் கல்லூரிக்குள் போடுவது 25. பல்கலைக்கழகப் பரீட்சைக்கு 75. பட்டப் படிப்பில் பாஸ் மார்க் 40.

ஒரு மாணவி கல்லூரியில் 25-க்கு 25 வாங்கியிருக்கிறார். வெளிப் பரீட்சையில் 29. கூட்டினால் 54. பாஸ்தானே?

இல்லை, பெயில்! ஏனென்றால் வெளிப் பரீட்சையிலும் தனியாக 40 சதவீதம் எடுக்க வேண்டும். 75-க்கு 40 சதவீதம் என்றால் 30. அந்த ஒரு மார்க் இல்லாததால் அரியர்.

"இன்டர்னல் முழுசா இருக்கு, கவலையில்லை" என்று தெம்பாக இருந்தவர் ரிசல்ட் வந்த பிறகு ஆபீசில் போய்ச் சண்டை போடுகிறார். ஆபீஸ் குமாஸ்தா என்ன செய்வார்? விதியை எழுதியவர் அவர் அல்லவே.

தமிழும் ஒரு பேப்பர்

தமிழ் எழுதப் பயந்து, மார்க் வருமென்று முதல் பகுதியில் இந்தியோ பிரெஞ்சோ எடுப்பவர்கள் உண்டு. தமிழைத் தாண்டி விட்டோம் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு.

தாண்ட முடியாது. பிளஸ்-2 வரை தமிழ் படிக்காதவர் அடிப்படைத் தமிழ் எழுத வேண்டும். அது ஆறாம் வகுப்புத் தரத்தில் இருக்கும். பிளஸ்-2 வரை தமிழ் படித்து விட்டுக் கல்லூரியில் வேறு மொழிக்குப் போனவர் சிறப்புத் தமிழ் எழுத வேண்டும். மேஜர் பாடத்தில் முதல் மார்க் வாங்கினாலும் இதில் தேறாமல் பட்டம் வராது.

சுற்றுச்சூழல் பாடமும் இப்படித்தான். "அது என்ன பெரிய பாடம்" என்று ஒதுக்கியவர்கள் கடைசி வருஷம் கிரெடிட் குறைகிறதே என்று தலையில் கை வைக்கிறார்கள். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் கணக்கில் எல்லா பேப்பரும் சேர்த்திதான்.

பெயரில் இருக்கிறது வேலை

பி.காம். என்றால் முன்பு ஒன்றுதான். இன்று பி.காம். ஜெனரல், பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப், பி.காம். பேங்க் மேனேஜ்மென்ட் என்று வரிசையாக இருக்கிறது. பெயர் கவர்ச்சியாக இருந்தால் கூட்டம் சேருகிறது.

எந்தப் பட்டமானாலும் சரி என்கிற உத்தியோகத்துக்கு இதனால் தொல்லை இல்லை. குறிப்பிட்ட ஒரு பட்டம்தான் வேண்டும் என்று அரசுத் தேர்வாணையம் கேட்கும்போதுதான் சிக்கல். "என் படிப்பும் அதுக்குச் சமம்தான்" என்று வாயால் சொன்னால் ஏற்க மாட்டார்கள். சமம் என்று அரசாணை காட்ட வேண்டும். அதுவும் வேலை அறிவிப்பு வந்த தேதிக்குள் வந்த ஆணையாக இருக்க வேண்டும்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்திலும் பலர் சுட்டுக் கொண்டார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ்-2, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் வந்தால்தான் அரசு வேலைக்குச் செல்லும் என்று 2009-ஆம் ஆண்டு தமிழக அரசு ஆணை போட்டது. பள்ளியை முடிக்காமல் நேராகப் பட்டம் வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள்.

மூன்று வருஷம் படித்து முடித்து விட்டுக் கேட்க வேண்டிய கேள்வியா இது? விண்ணப்பம் போடும் முன்பே கேட்க வேண்டாமா?

குற்றம் யார் மேல்?

"நோட்டீஸ் போர்டுல போட்டோமே, வெப்சைட்டுல இருக்கே" என்கிறது கல்லூரி. "யாரும் சொல்லலையே சார்" என்கிறார் மாணவர். இரண்டும் உண்மைதான்.

விதி தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. டிராபிக் போலீஸிடம் அப்படிச் சொன்னால் விடுவாரா? 18 வயது ஆனவருக்கு ஓட்டுரிமை இருக்கிறது. தன் பரீட்சைக்கான விதியைப் படிக்கும் பொறுப்பும் இருக்க வேண்டும்.

ஆனால் கல்லூரிகளும் கையை உதறிவிடக் கூடாது. விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படித்த அப்பா அம்மா உள்ள வீட்டில் யாராவது விளக்கிச் சொல்வார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர், பூ விற்கிறவர் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு யார் சொல்வது? ஒரு வருஷம் வீணானால் பணக்கார வீட்டுக்கு அது ஒரு வருத்தம். இவர்கள் வீட்டில் படிப்பே நின்று போகும்.

கல்லூரிக்குக் கல்லூரி விதியும் மாறுகிறது. லயோலா, கிறிஸ்தவக் கல்லூரி போன்றவை 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. தன்னாட்சிக் கல்லூரி தன் பரீட்சையைத் தானே நடத்துகிறது. பட்டம் தருவது ஒரே பல்கலைக்கழகம். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனின் காலேஜ் ரூல் உன் காலேஜுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். சேரும் அன்றே நாலு பக்கத்தில், எளிய தமிழில், விதிகளை அச்சடித்துக் கொடுக்கட்டும். பெற்றோரிடமும் பிள்ளையிடமும் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். மாதம் பிறந்தால் அட்டெண்டன்ஸ் கணக்கை ஒட்டட்டும். 75-க்குக் கீழே இறங்கும் முன்பே வீட்டுக்குத் தகவல் போகட்டும். எல்லாம் முடிந்த பிறகு "உங்க பையன் பரீட்சை எழுத முடியாது" என்று சொல்வதில் என்ன லாபம்?

பெற்றோரும் கேட்கப் பழக வேண்டும். இந்தப் பட்டம் எதற்குச் சமம்? எத்தனை நாள் வரணும்? வேறு கல்லூரியில் சீட் கிடைத்தால் கட்டிய பணம் எவ்வளவு திரும்ப வரும்?

பணத்தைத் திருப்பித் தருவது பற்றி யு.ஜி.சி. 2018-ல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணம். தாமதம் ஆக ஆகக் குறையும். அசல் சர்டிபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைக்கவே கூடாது. இதுவும் விதிதான். மாணவரைக் கட்டுப்படுத்தும் அதே விதிகளுக்குள் அவரைக் காப்பாற்றும் விதியும் இருக்கிறது. படித்தவருக்குத்தான் அது உதவும்.

கடையில் கால் கிலோ பருப்பு வாங்கினால் கூடத் தராசு முள்ளைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மூன்று வருஷத்தையும் வீட்டுச் சேமிப்பையும் கொடுத்து வாங்கும் பட்டத்துக்கு நாலு பக்கம் படிக்க நேரமில்லையா?

இந்த வருஷமாவது பீஸ் ரசீது வாங்கும் கையோடு ரூல் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொன்னால், வரும் வரை கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள்!