மலை ஏறினால் குற்றமா?

2018 மார்ச் 11. போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ. மலையேற்றம் போனவர்களில் 23 பேர் பலி. அவர்களில் பலர் பெண்கள். உடனே கிளம்பியது கேள்வி: "இவங்களுக்கு இதெல்லாம் தேவையா?"

தேவைதான்! வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, நாலு பேரோடு பேசிக்கொண்டே மலை ஏறுவது உடம்புக்கும் மனசுக்கும் மருந்து. வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்கச் சொல்வது உலக சுகாதார நிறுவனமே. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர் லாரி மோதி இறந்தால் "நடை தேவையா" என்று யாராவது கேட்கிறார்களா? ஏலத்தோட்டத்தில் கூலிக்கு மலை ஏறுபவரையும் யாரும் கேட்பதில்லை. கூலிக்கு ஏறலாம், சந்தோஷத்துக்கு ஏறக்கூடாது... நல்ல நியாயம்!

கொன்றது பொழுதுபோக்கு அல்ல. மார்ச்சில் காய்ந்து கிடந்த புல், காற்று, சரியான கண்காணிப்பு இல்லாத பாதை. அதே 2018-ல் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை வழிகாட்டிகளோடு திறந்தது. 2025-ல் தீப்பருவம் வந்ததும் மூடவும் செய்தது. இதை முன்பே செய்திருக்கலாமே?

இப்போது சில பாதைகளுக்குக் கட்டணம் ஆயிரக்கணக்கில். போடி தோட்டக் கூலியின் பிள்ளை அந்தப் பணத்துக்கு எங்கே போவான்?