எங்கள் பேச்சை எடுக்க மாட்டீர்களா?

நிலத்துக்கு நிலம் மரமும் புள்ளும் மட்டுமன்று, பறையும் யாழும் வேறுபடும் என்று வகுத்தவர் நம் தொல்காப்பியர். ஒரு நாட்டைக் கண்ணால் கண்டால் மட்டும் போதாது, காதாலும் அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ? அந்த அறிவையே பிழைப்பாகக் கொண்ட தொழில் ஒன்று இன்று உண்டு. எந்த நிலையத்திலும் மாதச் சம்பளத்துக்கு அமராது, அழைத்த இடத்துக்குக் கருவிகளைச் சுமந்து சென்று ஒலியைப் பதிந்து கொடுக்கும் தொழில் அது.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அதனை மேற்கொண்டிருக்கிறார். ஒரு கிழமை கோயில் தேர்த்திருவிழா, மறு கிழமை அரசியல்வாதியின் பேட்டி, அதற்கடுத்து ஆவணப்படம். அழைப்பு வராவிட்டால் வீட்டிலிருக்க வேண்டியதுதான். "மழை வந்து படப்பிடிப்பு நின்றால் பாதிச் சம்பளம், சேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்களே, அது போலத்தான்" என்றார் ஒருநாள். லயத்தில் பிறந்து வளர்ந்தவர் உவமையைத் தேடி அலையவேண்டியதில்லை.

சென்ற ஆண்டு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. விளம்பரப் படம் ஒன்றுக்குத் தேயிலை மலையின் நீரோசையும் பறவையொலியும் தேவையாம். கல்லூரி விடுமுறையாதலால் நானும் உடன் சென்றேன்.

எளிய வேலை என்றே எண்ணியிருந்தேன். ஆனால் மெல்லிய காற்றும் ஒலிவாங்கியில் இடியாக விழுகிறது. அதனைத் தடுக்க அதற்கு மயிரடர்ந்த உறையொன்றை மாட்டுகிறார்கள். தகரக் கூரையில் தூறல் விழுந்தால் பேச்சு மூழ்கிவிடும். விமலசுரேந்திர நீர்த்தேக்கம் வான்பாயும் காலமாயின் அதன் இரைச்சல் ஒருபுறம். ஸ்டோரில் கொழுந்து வாட்டும் விசிறிகளின் ஓசை மறுபுறம். எல்லாம் முடிந்தபின் அவ்விடத்தின் வெறும் அமைதியையும் ஒரு நிமிடம் பதிந்துகொள்ள வேண்டும். பின்னர் ஒலியை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அந்த அமைதியால்தான் நிரப்பவேண்டுமாம். வேறிடத்து அமைதி அங்கே ஒட்டாதாம்!

அந்த ஒரு நிமிடத்துக்காக, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பேசாதிருக்கும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவர்களும் கைகளை நிறுத்தி, மூச்சடக்கி நின்றார்கள். முடிந்ததும் மூதாட்டி ஒருவர் சிரித்தபடியே கேட்டார்:

"தண்ணிச் சத்தத்த எடுக்கிறீங்க, குருவிச் சத்தத்த எடுக்கிறீங்க. எங்க பேச்ச எடுக்க மாட்டீங்களா, தம்பி?"

இளைஞர் தலைகுனிந்தார். எனக்கோ பழைய படமொன்று நினைவுக்கு வந்தது. தேயிலைப் பிரசாரத்துக்கென்று 1934ஆம் ஆண்டில் பசில் ரைட் இங்கு வந்து எடுத்த 'சோங் ஒவ் சிலோன்' அது. 1935இல் பிரசெல்ஸ் நகரில் பரிசு பெற்றது; ஆவணப்பட உலகில் இன்றும் போற்றப்படுவது. படம்பிடிக்கும் கருவியே இங்கு வந்தது. ஒலி லண்டனிலே சேர்க்கப்பட்டது. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை லயனல் வென்ட் படிக்கிறார். 'வணிகத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியில் சந்தை விலைகள் ஒலிக்க, திரையிலே நம் மக்கள் உழைக்கிறார்கள். அவர்களுடைய முகம் உண்டு; பேச்சு இல்லை.

ஒலிப்பதிவுக் கருவியின் பாரமே அன்று பெருந்தடையாக இருந்தது. பின்னர் ஸ்டீபன் குடெல்ஸ்கி என்னும் போலந்து நாட்டவர் சுவிற்சர்லாந்தில் இருந்துகொண்டு, 1951இல் தோளில் தொங்கவிடத்தக்க கருவியொன்றை அமைத்தார். அதன் பெயர் 'நாக்ரா'. போலந்து மொழியில் 'பதிவு செய்யும்' என்று பொருள். இன்றோ கைத்தொலைபேசியே குரலைப் பதிகிறது. ஆகவே இப்போது குறை கருவியில் இல்லை. கேட்கும் மனத்தில்தான் இருக்கிறது.

நம்மவரிலும் கேட்டவர்கள் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்து மக்களின் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாகத் தந்தார். அத்தொண்டுக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் ஏட்டில் சொல் நிற்கும். மெட்டும் மூச்சும் நிற்பதில்லை.

அன்று மாலை பேர் போட்டு முடிந்தபின், மூதாட்டியின் அனுமதி பெற்று அவருடைய லயத்துக்குச் சென்றோம். நல்லவேளை, மழை ஓய்ந்திருந்தது. அவர் தாலாட்டொன்று பாடினார், நடுவில் இருமினார், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். இளைஞர் எதனையும் அழிக்கவில்லை. காதில் கருவியை வைத்துத் தம் குரலையே கேட்ட அம்மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இது எங்கம்மா கொரலு மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

அப்பாடலைப் பேத்தியின் தொலைபேசியில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். அந்த ஒருமணி நேர உழைப்புக்கு இளைஞருக்கு அரைப்பேர்கூட இல்லை. விளம்பரத்திலும் நீரும் குருவியுமே ஒலித்தன. எனினும் அவர் திரும்பும் வழியெல்லாம் மகிழ்ந்திருந்தார்.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார்; ஒரு தொலைபேசியும் இருக்கும். அனுமதி கேட்டு அவர் பேச்சைப் பதிந்து, பெயரும் ஊரும் நாளும் குறித்து வையுங்கள். நாளைக்கென்று தள்ளிவிடாதீர்கள், குரலுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.