இலங்கேசுவரனும் இந்திரஜாலமும்

வெலிமடைக்கு அண்மையிலுள்ள இஸ்திரிபுரக் குகைகளிலே இராவணன் சீதையை ஒளித்து வைத்தான் என்பது செவிவழிக் கதை. அதனையே அடுத்த நாடகமாக மேடையேற்ற நம் மாணவர் சிலர் எண்ணியுள்ளனர். மாயாஜாலக் காட்சிகளும் வேண்டுமாம்! வேண்டியதுதான்.

1956ஆம் ஆண்டு பி. சி. சர்க்கார், பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை மின் ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். அவள் மாண்டாளோ என அஞ்சிப் பலர் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தனர். வித்தைக்கு அந்தத் திகைப்பே போதும், நாடகத்துக்குப் போதாது.

ஆர். எஸ். மனோகர் (1925-2006) திரையில் வில்லன், மேடையிலோ 'இலங்கேஸ்வரன்'. அவருடைய தந்திரக் காட்சிகளைக் காணவே மக்கள் திரண்டனர். ஆயினும் அந்நாடகத்தின் உயிர், சீதையை இராவணனின் மகளாகவே காட்டிய துணிவில் இருந்தது என்பேன்.

புஷ்பக விமானம் பறக்கப் பெருஞ்செலவு வேண்டா. கறுப்புத் திரையின் முன் கறுப்புடை அணிந்தவன் கண்ணுக்குப் புலப்படான். அவன் தாங்கும் பொருள் மிதப்பதாகவே தோன்றும். மேடையோரச் சிறு விளக்குகள் அவையோரை நோக்கி எரிந்தால் இன்னும் நன்று. ஆனால், மாணவர்களே, அவ்விமானத்தில் இராவணன் சீதையிடம் என்ன பேசுவான்? அதனை முதலில் எழுதுங்கள். கறுப்புத் துணி பிறகு வாங்கலாம்.