வண்டி ‘கடக் கடக்’ என்றால்...

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கடல்காற்றுதான். உப்பளப் பக்கம் கேட்கவே வேண்டாம். அந்த உப்பு நம் வீட்டு வண்டியின் அடிப்பாகத்தைச் சும்மா விடுமா? பொலேரோவுக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை. இரண்டையும் துரு அரிக்கும்.

சகோதரிகளே, ஒர்க்‌ஷாப் போகுமுன் நீங்களே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஒவ்வொரு மூலையையும் அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் சரி. மூன்று நான்கு தரம் ஆடினாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பர் போச்சு! வேகத்தடையில் ‘கடக்’ என்றால் பெரும்பாலும் ரப்பர் புஷ், செலவு குறைவுதான். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஸ்பிரிங்கோ பட்டையோ உடைந்திருக்கலாம், ஓட்டவே வேண்டாம்.

ஷாக் அப்சார்பரை இடம், வலம் ஜோடியாக மாற்றச் சொல்லுங்கள். குலுக்கல்தானே என்று விட்டுவிடாதீர்கள். அது போன வண்டியில் டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். பிரேக் போட்டாலும் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். பின் சீட்டில் இருப்பது நம் குழந்தையாச்சே!

வாரம் ஒரு தரம் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் புகவேண்டாம்.