மூன்று மாதம் போனவர், ஐம்பது ஆண்டு தங்கினார்

வீட்டு அல்பத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் சகோதரிகளே. கல்யாணப் படம் இருக்கும், பெருநாள் படம் இருக்கும். உம்மா அடுப்படியில் நிற்கும் படம் ஒன்றாவது இருக்கிறதா? தினமும் காண்பதைப் படமெடுக்க நமக்குத் தோன்றுவதில்லை.

அதையே தொழிலாகச் செய்தவர் ஜாக் டெலானோ. 1914இல் உக்ரேனில் பிறந்து, சிறுவயதில் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர். ஏழை விவசாயிகளின் வாழ்வைப் படமெடுக்க அமெரிக்க அரசு வேலைக்கு வைத்திருந்த சிலரில் ஒருவர். 1941இன் இறுதியில் அவரைக் கரீபியன் கடலிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோத் தீவுக்கு அனுப்பினார்கள்.

1898 முதல் அமெரிக்காவின் கையிலிருக்கும் தீவு அது. நல்ல நிலமெல்லாம் பெரும்பாலும் கரும்பு. வெட்டுபவர் வீட்டிலோ பட்டினி. அறுவடை முடிந்தால் மாதக்கணக்கில் வேலை கிடையாது. பெண்கள் வீட்டிலிருந்தபடியே கைக்குட்டைகளில் பூவேலை செய்து கொடுத்துச் சில சதங்கள் சம்பாதித்தார்கள். அந்தத் தையற்கூலியில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது.

குவானிக்காவின் கரும்புத் தொழிலாளி, யபுக்கோவாவில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சான் ஹுவான் நகரின் எல் ஃபங்கித்தோ சேரி என்று டெலானோ படமெடுத்துக்கொண்டே போனார். 'சின்னச் சேறு' என்பது அந்தச் சேரிப் பெயரின் பொருள். சேற்றில் கால் நட்டுக் கட்டிய பலகை வீடுகள். வீட்டுக்கு வீடு போகவும் பலகைதான் பாதை. அதில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் சுமப்பதை நினைத்துப் பாருங்கள்!

ஏழ்மையைப் படமெடுப்பவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. படத்தோடு அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். சேறு அங்கேயே கிடக்கும். டெலானோவும் சில மாதங்களில் திரும்பியவர்தான். ஆனால் யுத்தம் முடிந்ததும், 1946இல், மனைவி ஐரீனுடன் மீண்டும் போனார். 1997இல் மரணிக்கும் வரை அதுவே அவரது ஊர்.

ஐரீனைப் பற்றிச் சொல்பவர்கள் குறைவு. அவர் ஓவியர். கிராம மக்களின் கல்விக்காகச் சுவரொட்டிகள் அச்சிடும் பட்டறையொன்றை நடத்தி, தீவின் இளம் ஓவியர்களைப் பழக்கியவர். 1982இல் காலமானார்.

1980களில் டெலானோ தீவு முழுவதும் மறுபடி படமெடுத்தார். அதற்குள் கரும்பு தேய்ந்திருந்தது. தொழிற்சாலைகள் வந்திருந்தன. இலட்சக்கணக்கானோர் வேலை தேடி நியூயோர்க் போயிருந்தார்கள். பழைய படங்களையும் புதிய படங்களையும் சேர்த்து 1990இல் ஒரு நூலாக்கினார்.

முதற்பயணத்தின் படங்கள் வொஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன; யாரும் பார்க்கலாம். கீழே ஊரும் மாதமும் ஆண்டும் எழுதப்பட்டுள்ளன. படத்தில் நிற்பவரின் பெயர்தான் பலவற்றில் இல்லை. உங்கள் உம்மாவை அடுப்படியில் படமெடுத்தால், பின்பக்கத்தில் பெயரையும் எழுதி வையுங்கள்.