இன்டர்நெட்டுக்குக் காவல் இருக்கிறது யாரு? நம்ம இணைய நண்பர்கள் அவசியம் படிக்க வேண்டிய பதிவு



இந்தப் பதிவைப் படிக்க உங்க போன்ல எவ்வளவு டேட்டா செலவாகுதோ, எதிரணியோட பதிவைப் படிக்கவும் அதே கணக்குதான். நம்ம பேஜுக்கு ஒரு ரேட், அவங்க பேஜுக்கு ஒரு ரேட்னு எந்த சிம் கம்பெனியும் வைக்க முடியாது. இதுக்குப் பேருதான் நெட் நியூட்ராலிட்டி, தமிழில் இணைய சமத்துவம்.

இது தானா வந்த வசதி இல்லைங்க, போராடி வாங்கினது. அந்தப் போராட்டத்தில் முன்னால நின்றது கட்சிக்காரங்களும் இல்ல, சாதாரண தன்னார்வலர்கள். அந்தக் கதை நம்ம ஆட்கள் எல்லாருக்கும் தெரியணும்.

2015 பிப்ரவரி. ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோட சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் திட்டத்தை இந்தியாவில் தொடங்குச்சு. முதலில் வந்த 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சில குறிப்பிட்ட தளங்களை மட்டும் டேட்டா காசு இல்லாம பார்க்கலாம். பின்னாடி இதுக்கே 'ஃப்ரீ பேசிக்ஸ்'னு பேரு மாத்தினாங்க.

"ஏழைக்கு இலவசமா குடுத்தா என்னப்பா தப்பு?" நியாயமான கேள்விதான். இலவசத்தைக் கேவலமா பேசுற கூட்டம் இல்ல நாம. ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க. அரசு இலவச பஸ் விட்டா, டிக்கெட் எடுக்காம ஏறி எந்த ஸ்டாப்ல வேணும்னாலும் இறங்கலாம். அதே பஸ்ஸை ஒரு ஜவுளிக்கடைக்காரர் விட்டு, "என் கடை வாசல்லயும் என் பங்காளி கடை வாசல்லயும் மட்டும்தான் நிக்கும்"னு சொன்னா? அது பஸ் வசதி இல்ல, ஆள் பிடிக்கிற வேலை. பக்கத்துத் தெருவில் புதுசா கடை போட்ட பையனுக்கு வியாபாரமே நடக்காது. இணையத்தில் அந்தப் பையன் யாரு? ஒரு சின்ன தமிழ்ச் செய்தித் தளம், ஒரு ஸ்டார்ட்அப், வளர்ந்து வர்ற ஒரு கட்சி.

2015 மார்ச் மாசம் டிராய் 118 பக்கத்தில் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு 20 கேள்வி கேட்டுச்சு. அதை யாரு படிப்பா? படிச்சாங்க. வக்கீல்கள், பத்திரிகையாளர்கள், சாஃப்ட்வேர் ஆட்கள் சிலர் சேர்ந்து அதைச் சாதாரண மொழியில் விளக்கி, 'சேவ் தி இன்டர்நெட்'னு ஒரு தளம் போட்டாங்க. சில வாரத்திலேயே டிராய்க்கு 10 லட்சத்துக்கு மேல மின்னஞ்சல் குவிஞ்சது.

இங்கதான் ஐடி விங் ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. அந்த டிசம்பரில் டிராய் மறுபடியும் கருத்து கேட்டப்போ, ஃபேஸ்புக் தன் பயனர்களுக்கு ரெடிமேட் பதிலை நீட்டி பட்டனை அழுத்தச் சொன்னது. லட்சக்கணக்கில் ஒரே மாதிரி ஆதரவுச் செய்தி போய்ச் சேர்ந்தது. "நாங்க கேட்ட கேள்விக்கு இதில் பதிலே இல்லையே"ன்னு டிராய் திருப்பிக் கேட்டுச்சு. கடைசியில் 2016 பிப்ரவரி 8 அன்று, தளத்தைப் பொறுத்து வேற வேற கட்டணம் வைக்கத் தடை வந்தது. மீறினா நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் வரை அபராதம். அதே வாரத்தில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுக் கிளம்பிடுச்சு.

அந்த இயக்கத்தில் இருந்தவங்க அதோட வீட்டுக்குப் போயிடல. 2016-லேயே இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பைத் தொடங்கினாங்க. அதுக்கு முன்னாடி இருந்தே பியூசிஎல் மாதிரி மனித உரிமை அமைப்புகள் நீதிமன்றப் படியேறிக்கிட்டு இருந்தாங்க. ஒரு உதாரணம் சொல்றேன்.

ஐடி சட்டம் 66ஏ ஞாபகம் இருக்கா? இணையத்தில் "எரிச்சலூட்டும்" பதிவு போட்டாலே 3 வருஷம் வரை ஜெயில். 2012-ல் ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரைக் கைது பண்ணாங்க. அதே வருஷம் மகாராஷ்டிராவில் ஒரு பெண் ஃபேஸ்புக்கில் பதிவு போட்டதுக்கும், இன்னொரு பெண் அதுக்கு லைக் போட்டதுக்கும் கைது! ஸ்ரேயா சிங்கால் வழக்குப் போட்டார். பியூசிஎல் உள்ளிட்டவங்களும் வழக்குப் போட்டாங்க. 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செஞ்சது.

கதை முடிஞ்சதா? இல்ல. ரத்தான பிரிவிலேயே பல மாநிலங்களில் போலீஸ் கேஸ் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அதை ஒவ்வொண்ணா தேடி எண்ணி, மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது இந்த அமைப்புகள்தான். "அதிர்ச்சியா இருக்கு"ன்னு 2021-ல் நீதிபதிகளே சொன்னாங்க. இந்தப் பிரிவில் இனி யார் மேலும் வழக்கு நடத்தக் கூடாதுன்னு 2022 அக்டோபரில் உத்தரவு வந்தது. தீர்ப்பு வாங்க ஒரு நாள் போதும், அதை நடைமுறைக்குக் கொண்டு வர 7 வருஷம் ஆச்சு. ஒரு ட்ரெண்டு ஒரு ராத்திரியில் அடங்கிடும், இவங்க 7 வருஷம் அடங்கல.

இப்போ நம்ம மண்ணுக்கு வருவோம். 2018 மே மாசம், தூத்துக்குடி. ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள் போச்சு. மே 23 அன்று தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூணு மாவட்டத்திலும் 5 நாளைக்கு இணையத்தை நிறுத்த உத்தரவு. வதந்தி பரவாம இருக்கத்தான்னு காரணம் சொன்னாங்க. வதந்தி வாய் வழியாவும் பரவும். ஆனா அதைப் பொய்னு நிரூபிக்க ஒரு வீடியோ அனுப்பக்கூட வழி இல்லாமப் போனா, நஷ்டம் யாருக்கு? சுடப்பட்ட பக்கம் நின்ன மக்களுக்குத்தான்.

காஷ்மீர் முடக்கத்தை எதிர்த்து பத்திரிகையாளர் அனுராதா பாசின் போட்ட வழக்கில், 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: காலவரையில்லாம இணையத்தை முடக்கக் கூடாது, முடக்கும் உத்தரவை வெளியிட்டே ஆகணும். அந்த உத்தரவு கையில் இருந்தாதான் கோர்ட்டுக்குப் போக முடியும்.

அடுத்தது பாதுகாப்பு. நம்ம பூத் கமிட்டி வாட்ஸ்அப் குரூப்பில் பேசுறது நமக்கு மட்டும்தான் தெரியணும். அனுப்புறவர் போனிலும் வாங்குறவர் போனிலும் மட்டும் சாவி இருக்கிற பூட்டு அது. 2021 ஐடி விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியது யாருன்னு கேட்டா காட்டணும்னு பெரிய நிறுவனங்களுக்குச் சொல்லுது. குற்றவாளியைப் பிடிக்க வேண்டாம்னு யாரும் சொல்லல. கோர்ட் உத்தரவோட விசாரிக்க, போனைப் பறிமுதல் செய்ய போலீஸுக்கு அதிகாரம் இருக்கு. ஆனா ஒருத்தனைப் பிடிக்க ஊர்ல உள்ள எல்லாப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி செஞ்சு வச்சா, அது திருடன் கையிலும் ஒருநாள் கிடைக்கும்.

கடைசியா, நமக்கு நாமே சொல்லிக்க வேண்டிய ஒரு விஷயம். சிலருக்குக் கசக்கும், பரவாயில்ல.

66ஏ பிரிவைக் கொண்டு வந்தது ஒரு கூட்டணி ஆட்சி. உச்ச நீதிமன்றத்தில் அதைக் காப்பாத்த வாதாடியது, அதைத் தோற்கடிச்சு வந்த அடுத்த ஆட்சி! ஆட்சி மாறுது, ஆயுதம் மட்டும் கை மாறுது. எதிரணியோட அக்கவுண்டை முடக்கினா நம்ம டைம்லைன்ல மீம்ஸ் பறக்குது. அதே உத்தரவு நாளைக்கு நம்ம பேஜுக்கும் வரும். நாளைக்கு நாம அதிகாரத்தில் இருந்து, நம்மளை எதிர்த்து ஒரு ஊர் போராடுச்சுன்னா, அந்த ஊருக்கும் இணையம் இருக்கணும். நமக்குப் பிடிக்காதவனுக்கும் கிடைச்சாதான் அதுக்குப் பேரு உரிமை. இல்லைன்னா அது சலுகை.

அதனால மூணு வேலை:

1. டிராய், மத்திய அரசு எது கருத்து கேட்டாலும் படிங்க. உங்க சொந்த வார்த்தையில், தமிழிலேயே எழுதி அனுப்புங்க. காப்பி பேஸ்ட் வேண்டாம், அது எண்ணிக்கைக்குத்தான் உதவும்.

2. உங்க ஊர்ல இணையத்தை நிறுத்தினா, "உத்தரவு எங்கே?"ன்னு கேளுங்க. யார் ஆட்சியா இருந்தாலும் கேளுங்க.

3. "எங்க ஆட்சியில் இணையத்தை முடக்க மாட்டோம்"னு நம்ம தேர்தல் அறிக்கையில் எழுதச் சொல்லி மாவட்ட நிர்வாகிகள்கிட்ட மனு கொடுங்க. எழுதி வாங்கினாதான் நாளைக்கு நம்மளே நம்மளைக் கேள்வி கேட்க முடியும்.

யாரோ சில பேர் சம்பளம், பதவி எதிர்பார்க்காம 118 பக்கம் படிச்சதால்தான் இந்தப் பதிவு இன்னைக்கு உங்க கைக்கு வந்திருக்கு. அடுத்த 118 பக்கத்தை நாம படிப்போம் தோழர்களே.

#இணையம்_எல்லோருக்கும்
#உத்தரவு_எங்கே