பேரீச்சம்பழத்துக்குப் போன விமானங்கள்

கான்பூர் கதை தெரியுமா உங்களுக்கு? இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள், 'லிபரேட்டர்' குண்டுவீச்சு விமானங்களை இனி யாருக்கும் உதவக் கூடாது என்று அங்கே உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நம்ம ஹெச்.ஏ.எல். ஆட்கள் சும்மா இருப்பார்களா? அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைத் தேற்றிப் பறக்கவிட்டார்கள். 1968 வரை அவை நம் விமானப் படையில் இருந்தன.

அப்புறம்? பிரிட்டன், அமெரிக்கா, கனடா என்று ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. உடைத்தவனே கொண்டுபோய், துடைத்துத் துடைத்து மியூசியத்தில் வைத்திருக்கிறான்! நமக்கென்று டெல்லி பாலம் விமானப் படை மியூசியத்தில் ஒன்று நிற்கிறது.

1947-ல் ஸ்ரீநகருக்குப் படைகளைச் சுமந்த டகோட்டா கதையும் இதேதான். அயர்லாந்தில் காயலான் கடைச் சரக்காகக் கிடந்த ஒன்றை 2011-ல் ராஜீவ் சந்திரசேகர் எம்.பி. வாங்கிச் சீர்செய்து பரிசளித்த பிறகு, 2018-ல்தான் அந்த ரகம் நம் விமானப் படைக்குத் திரும்பி வந்தது.

2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றுவிட்டது. காலேஜ் வாசலில் வெயிலிலும் மழையிலும் நிறுத்தி பெயின்ட் அடித்தால் அது பாதுகாப்பா? மேலே கூரை வேண்டும். உதிரிபாகம், கையேடு, இன்ஜின் தெரிந்த மெக்கானிக் எல்லாம் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டு விமானத்தைப் பூஜ்யமாக்கலாம். சரித்திரத்துக்கு ஏது சார் தேய்மானம்? இன்று பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டு, நாளை வெளிநாட்டில் போய் விலை கேட்கப் போகிறோமா?